மூன்று இரவுகளுக்கு ஓர் அறை

…தூரமாக இருந்தால் நல்லதுதான், ஆனால் தூரமாக இருக்கவேண்டும் என்று நான் தேடியதாகத் தெரியக்கூடாது, மெட்ரோவில் ஒரே பாதை அக்கா, மாறி ஏறத் தேவையில்லை, அதுதான் பெரிப் பக்கமாகப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் பொய்யும் இல்லை, ஆங்க்ரினோனில் ஏறினால் பதினான்காவது தரிப்பு பெரி, இருந்த இடத்தைவிட்டு எழும்பவே வேண்டாம். இவர் சொன்ன மோட்டல் லாசாலிலேயே இருக்கிறது, எங்கள் அடுக்குமாடியிலிருந்து நடந்து போகிற தூரம், பெருந்தெருவுக்குப் பக்கத்தில், வாசலில் எந்த நேரமும் இரண்டு லொறி நிற்கும், அக்காவை அதிலேயா விடுவது என்று நான் கேட்டதை அக்கா மேல் எனக்குள்ள மரியாதை என்று இவர் எடுத்துக்கொண்டார். மரியாதையும்தான். ஆனால் நடந்து போகிற தூரம் என்றால் நிருஷாவும் நடந்து போவாள், வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு நேரே அங்கே போய்விடுவாள், பிறகு போன் எடுத்து, அம்மா, இண்டைக்கு இஞ்சை படுக்கட்டோ என்று கேட்பாள், பதின்மூன்று வயதுப் பிள்ளையை எதைச் சொல்லி மறிப்பது, எந்த உரிமையில்… இல்லை, உரிமை எனக்குத்தான், பெற்றவள் நான், அதில் என்ன சந்தேகம், ஏன் இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது?

நிருஷா மெட்ரோ ரயிலில் எனக்கு எதிரே இருக்கிறாள், மடியில் நூலகத்துப் புத்தகம், மொன்றியலில் உள்ள சின்ன ஹோட்டல்களைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதியது, மூன்று இடத்தில் மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் 'ஷார்ம்' என்று வருகிறதே, அதென்ன பிள்ளை என்று கேட்டேன். யோசித்தாள். "வடிவு மாதிரி, ஆனா வடிவில்லை. பழசாயிருக்கும், சின்னதாயிருக்கும், எண்டாலும் பிடிக்கும்." விலை? "கட்டக்கூடிய விலை எண்டு போட்டிருக்கு. ஆராலை கட்டக்கூடிய எண்டு போடேல்லை." சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள், பல்லைக் காட்டாத அந்தச் சிரிப்பு, அது என்னுடையதும் இல்லை, இவருடையதும் இல்லை. காலையில் நான் தனியாகத்தான் புறப்பட்டேன், அவள்தான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள், நானும் வாறன், நீங்கள் பிரெஞ்சு கதைச்சால் அவங்கள் விலையைக் கூட்டிப்போடுவாங்கள். சனிக்கிழமை பதினொரு மணி வரைக்கும் படுக்கிற பிள்ளை. அக்காவுக்காக எழும்பினாளா, எனக்காகவா… கேட்கவில்லை, கேட்டால் ஒரு பதில் வரும், வந்தபிறகு அதை வைத்துக்கொண்டு இருக்கவேண்டும்.

எண்பத்தாறில் நாங்கள் புறப்பட்டபோது அவளுக்கு ஒன்றே முக்கால் வயது, காது குத்தின இடம்கூட ஆறவில்லை. களவாகப் போகிற பயணம், கைப்பிள்ளையோடு முடியாது என்று ஏஜென்சிக்காரன் சொன்னான், ஆறு மாதத்தில் கூப்பிடுவோம் என்று அக்காவின் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். ஆறு மாதம் ஆறு வருடமாயிற்று, அகதி வழக்கு, பிறகு விண்ணப்பம், பிறகு சண்டையில் பாதை பூட்டு, பிறகு பாதை திறந்தும் போன கடிதம் வந்து சேரவில்லை… இடையில் அக்கா ஒரு ஒலிநாடா அனுப்பியிருந்தாள், பிள்ளை பாடுகிறாள் கேள் என்று. பாட்டு முடிந்ததும் ஒரு சின்னக் குரல், "அம்மா, இந்தப் பெட்டிக்குள்ளை ஆர் இருந்து கேக்கினம்?" பக்கத்திலிருந்து அக்கா, உன்ரை அம்மாவும் அப்பாவும்தான் என்கிறாள். பிறகு பிள்ளை மறுபடியும், "அம்மா, எனக்குத் தண்ணி வேணும்." அந்த இரண்டு அம்மாவும் நானில்லை. நாடாவை எத்தனை தரம் போட்டுக் கேட்டிருப்பேன், எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று விரலுக்கே தெரிந்துவிட்டது, பாட்டு முடிகிற இடத்தில்.

இப்போது அக்கா வருகிறாள். லண்டனில் மகனோடு இருக்கிற சிவநேசம் அக்கா, டொரொண்டோவில் ஒரு கலியாணம், அது முடிய மூன்று நாள் மொன்றியல், ஒக்டோபர் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து திங்கள் திரும்பிப் போகிறாள். அதைச் சொல்லத்தான் போன் எடுத்தாள், நான் சந்தோஷப்பட்டேன், உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், அதோடு என் வாயிலிருந்து வந்த அடுத்த வார்த்தை, "வீட்டிலை துடக்கு அக்கா." இவருடைய சித்தப்பா செப்டெம்பர் ஒன்பதாம் தேதி சாவகச்சேரியில் செத்துப்போனார், அன்றைக்கே செய்தி வந்துவிட்டது, முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு, வீட்டில் விளக்கு வைப்பதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. அக்கா தீட்சை எடுத்தவள், துடக்கு வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டாள். செய்தியைச் செய்தியாகத்தான் சொன்னேனா, அல்லது கதவில் ஒரு கையை வைத்ததுபோல… போனில் ஒரு சின்ன இடைவெளி, கடலைக் கடந்து வருவதால் எப்போதும் இருக்கிற இடைவெளிதான், பிறகு அக்கா சொன்னாள், "அதுக்கென்ன பிள்ளை, எனக்கு ஒரு சின்ன ஹோட்டலாப் பார். வடிவான இடமாய், விலையும் கூடாமல். எனக்கும் ஊர் பாத்த மாதிரி இருக்கும்." என் உடம்பில் எங்கேயோ இறுகிக் கிடந்தது அவிழ்ந்தது, அது அவிழ்ந்ததும்தான் இறுகிக் கிடந்தது தெரிந்தது. இவர் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்கிவிட்டு வந்து கேட்டுவிட்டு, "துடக்கு வந்ததும் ஒரு வகையிலை நல்லதாப் போச்சு, இல்லாட்டிக் கூடப்பிறந்தவளை ஹோட்டலிலை விட்டவள் எண்டு சனம் உம்மைத்தான் கதைச்சிருக்கும்" என்றார். என்னோடு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடி அடுக்குகிற திரேசம்மா, "எங்களுக்கு உந்தத் துடக்கொண்டும் இல்லையப்பா, என்ரை வீட்டிலை வந்து நிக்கட்டும், ஹோட்டல் என்னத்துக்கு" என்றாள், ஐயோ அவள் மீன் இறைச்சி படாத சட்டியில் சமைத்ததைத்தான் சாப்பிடுவாள் என்று சமாளித்தேன். ஒரு ஹோட்டலைப் பாதுகாப்பதற்கு எத்தனை பேரிடம் எத்தனை கதை.

முதல் இடம் சென்-உபேர் தெருவில், வெளியே பச்சை நிறப் படி, சன்னலில் பூச்சட்டி, எனக்கு வாசலிலேயே பிடித்துவிட்டது. மேசையில் இருந்த பெடியன் தாங்ஸ்கிவிங் விடுமுறைக் கிழமை என்றான், இலை சிவக்கிறதைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எல்லாம் நிரம்பிவிட்டது, ஒரு அறைதான் மிச்சம். ஏறிப் பார்த்தோம். பூப்போட்ட சன்னல் சீலை, பித்தளைக் கட்டில், குளியலறையில் கப்பல் மாதிரி ஒரு தொட்டி, நல்லதுதானே பிள்ளை என்றேன். நிருஷா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "கார்ப்பெட்" என்றாள். கார்ப்பெட்டுக்கு என்ன? "அவ நிலத்திலை பாயைப் போட்டுத்தான் படுப்பா. ஆற்றையோ சப்பாத்துப் பட்ட கார்ப்பெட்டிலை படுக்கமாட்டா." சொல்லிவிட்டு மூக்கைச் சுருக்கினாள், கீழேயிருந்து பன்றி இறைச்சி பொரிக்கிற வாசம், "அதோடை இதுவும்." கட்டிலில் படுக்கமாட்டாள் என்று எனக்கு ஏன் தெரியாது? நான் ஊரில் இருந்தபோது அக்கா கட்டிலில்தான் படுத்தாள், கட்டிலில் படுத்துக்கொண்டு தொடர்கதை வாசித்தாள், மிளகாய்த்தூள் தொட்டு மாங்காய் தின்றாள், சீட்டி அடிப்பாள், பெண்பிள்ளை சீட்டி அடிக்கிறாளே என்று அப்பா அடுத்த அறையிலிருந்து செருமுவார். தீட்சை, பாய், நிலம் எல்லாம் நான் வந்தபிறகு வந்தவை. அந்த அக்காவை எனக்குத் தெரியாது, அவளை இந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

தெருவில் நடக்கும்போது அவள் எனக்கு முன்னால் போகிறாள், இப்போதெல்லாம் முன்னால்தான் போகிறாள், மேப்பிள் இலை ஒன்றிரண்டு நுனியில் மட்டும் சிவந்திருக்கிறது… 'அவ'. ஐந்து வருடமாக அக்காவுக்கு அவளிடம் உள்ள பெயர் அதுதான். மிராபல் விமான நிலையத்தில், யாரோ ஒரு குடும்பத்தோடு, கழுத்தில் ஒரு அட்டை தொங்க அவள் வந்து இறங்கியபோது எட்டு வயது, நான் குனிந்து கையை விரித்தேன், அவள் நிமிர்ந்து பார்த்து, "வணக்கம்" என்றாள். பழக்கிவிட்ட பிள்ளை, பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லவேண்டும் என்று அக்கா பழக்கிவிட்டிருக்கிறாள். இரண்டு மாதம் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை, பக்கத்தில் வந்து நிற்பாள், நான் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள். பிறகு ஒருநாள் மூலையில் இருக்கிற தெப்பனரில், அந்தச் சின்னச் சில்லறைக் கடையில், மற்றப் பக்கத்துத் தட்டிலிருந்து சத்தமாக, "அம்மா, பால் முடிஞ்சுது!" நான் அந்தக் கடைக்குள் அழுதேன், கடைக்காரன் பால் இல்லாததற்கு அழுகிறேன் என்று நினைத்து நாளைக்கு வரும் மதாம் என்றான். ஆனால் அன்றோடு அவள் அக்காவை அம்மா என்பதை விட்டுவிட்டாள், பெரியம்மா என்றும் மாற்றிக்கொள்ளவில்லை, ஒரு வார்த்தையை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாகத்தானே கிடக்கும். லண்டனிலிருந்து போன் வந்தால், ஓம், ஓம், சுகம், படிக்கிறன், ஓம், இந்தாங்கோ அம்மா. நான் அப்போது பக்கத்தில் நின்று கறியைக் கிளறிக்கொண்டிருப்பேன். எப்போதும் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். கொஞ்சம் அப்பால் போயிருக்கலாமோ?

இரண்டாவது இடம் சென்-லூயி சதுக்கத்துக்கு அருகே, மூன்றாவது மாடி, சுழல்படி, ஏறுவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. மரத்தரை, சின்ன அறை, சன்னலைத் திறந்தால் சதுக்கத்து மரங்கள், நாற்பத்தெட்டு டொலர், புத்தகம் சொன்ன ஷார்ம் என்பது இதுதான் என்று எனக்கே விளங்கியது, பழசு, சின்னது, எண்டாலும் பிடிக்கும். ஆனால் குளியலறை நடையில், மூன்று அறைக்கும் பொது. நிருஷா தலையை ஆட்டினாள். "நாலரைக்கு எழும்பித் தலைக்கு வார்ப்பா. வார்த்துப்போட்டு ஈரச் சீலையோடை வருவா, வரேக்கை ஒருத்தரும் குறுக்கை வரக்கூடாது. இஞ்சை எவனாவது துவாயோடை நிண்டானெண்டால்?" இடுப்பில் துவாய்த் துண்டோடு நிற்கிற ஒரு வெள்ளைக்காரனையும் ஈரச் சீலையோடு அக்காவையும் நினைத்து இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் எழுபத்தொன்பதை நினைத்தேன், என்னுடைய வேலை நேர்முகத்துக்குக் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஒரு இரவு நின்றோம், நானும் அக்காவும், வாழ்க்கையில் நாங்கள் நின்ற ஒரே ஹோட்டல். கதவுக்குப் பூட்டுச் சரியில்லை என்று அக்கா தன் சீலையால் கைபிடியைக் கட்டிக் கட்டில் காலோடு இழுத்து முடிந்தாள், விடியவே எனக்கு அவசரம், முடிச்சு அவிழவில்லை, அவள் பல்லால் கடித்து இழுக்கிறாள், இழுக்க இழுக்கச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் பல்லு விடுகிறது, நான் காலை மாற்றி மாற்றி நின்று, அக்கா சிரிக்காதை அக்கா, செத்துப்போவன்… இதைப் பிள்ளைக்குச் சொல்லலாமே என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த அக்காவும் எனக்குத் தெரிந்த அக்காவும் ஒரே ஆளா என்று ஒரு சந்தேகம், ஒன்றைச் சொன்னால் மற்றது கெட்டுவிடுமோ என்று.

சதுக்கத்து மர வாங்கில் குந்தியிருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மரக்கறி ரோல்ஸைச் சாப்பிட்டோம். புறா ஒன்று வந்து அவள் சப்பாத்தைக் கொத்தியது. அவள் ரோல்ஸின் ஓரத்தை உதிர்த்துப் போட்டுக்கொண்டு, புறாவைப் பார்த்தபடியே, "முப்பத்தொண்டு வியாழனோடை முடியுது என்னம்மா" என்றாள். எது? "துடக்கு. ஒன்பதாம் தேதியிலையிருந்து எண்ணினால் வியாழன் முப்பத்தொண்டு. அவ வெள்ளிதானே வாறா." நான் எண்ணியிருந்தேன், போனை வைத்த அடுத்த நிமிடமே கலண்டருக்கு முன்னால் நின்று விரலால் எண்ணியிருந்தேன், எண்ணிவிட்டு எண்ணாதவள்போல இருந்தேன், வியாழன் காலையில் ஐயரைக் கூப்பிட்டுப் புண்ணியதானம் செய்து வீட்டைக் கழுவினால் வெள்ளிக்கிழமை அக்கா தாராளமாக வந்து படுக்கலாம், இவர் இதெல்லாம் கணக்குப் பார்க்கிற மனிதர் இல்லை, கேட்டால் மாறி எண்ணிவிட்டேன் என்று சொல்லியிருப்பேன். உனக்கு ஆர் இப்பிடி எண்ணச் சொல்லித்தந்தது? கேட்கும்போதே மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது. "அவதான். ஆர் செத்தாலும் எங்கடை வீட்டிலை வந்துதானே எட்டு எப்ப, முப்பத்தொண்டு எப்ப எண்டு கேப்பினம். நான்தான் பஞ்சாங்கம் எடுத்துக்குடுக்கிறது." எங்கடை வீட்டிலை. ஊரில் அக்காவின் வீடு அவளுக்கு எங்கடை வீடு, அப்போது லாசாலில் இருக்கிறது யார் வீடு… இல்லை, இப்போது அதுவல்ல விஷயம். அப்ப அவவுக்கு வெள்ளிக்கிழமை துடக்கில்லை எண்டு தெரியும்? நிருஷா என்னை முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள், கொஞ்சம் இரக்கத்தோடு என்று சொல்லலாம். "அவவுக்குத் தெரியாமலோ அம்மா?"

பிறகேன் ஹோட்டல் என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் கேட்பாள் என்று நான் காத்திருந்தேன், அவள் புறாவுக்கு மிச்சத்தையும் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "இன்னும் ஒண்டு இருக்கு, சென்-தெனி தெருவிலை" என்றாள், அவ்வளவுதான். அக்காவுக்குத் தெரியும். நான் துடக்கு என்று சொன்ன அந்த இடைவெளியில், கடல் தாண்டி வருகிற அந்த ஒரு நொடியில், அவள் எண்ணி முடித்திருப்பாள், ஒன்பதிலிருந்து முப்பத்தொன்று வியாழன், எண்ணி முடித்து, என் தங்கைக்கு நான் வீட்டுக்குள் வருவது பயம் என்று விளங்கி, அதுக்கென்ன பிள்ளை… எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இப்போதும் நீதானா பெருந்தன்மையாக இருக்கவேண்டும், பிள்ளையை வளர்த்தவள், கிளாலிக் கடலில் வள்ளத்தில் மடியில் வைத்துக் கடந்து கொழும்புவரை கொண்டுவந்து ஏற்றிவிட்டவள், ஏற்றிவிட்டு ஒரு வார்த்தை குறைசொல்லாதவள், இப்போது என் பொய்யையும் நீயே தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போகிறாயா. அல்லது அப்படியும் இல்லாமல் இருக்கலாம். அவளுக்கும் பயமாக இருக்கலாம். பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள் என்று எனக்குப் பயம், கட்டிப்பிடிக்காமல் நின்று வணக்கம் சொல்லிவிடுவாள் என்று அவளுக்குப் பயம்… போனில் அந்த ஓம், ஓம், சுகம் என்பதைக் கேட்டுக் கேட்டு அவள் என்ன நினைத்திருப்பாள்? அந்தப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு அவள் எதைக் கிளறிக்கொண்டிருந்தாளோ.

மூன்றாவது வீட்டின் கதவைத் திறந்தது ஒரு அறுபது வயதுப் பெண், கண்ணாடி சங்கிலியில் தொங்குகிறது, கையில் துடைக்கிற சீலை, என் பெயர் அக்னெஸ் என்று நெஞ்சில் விரலை வைத்துச் சொன்னாள், எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாக. நிருஷா அவளோடு கதைத்த வேகத்தில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது, லண்டனிலிருந்து ஒரு பெண்மணி, மூன்று இரவு, இறைச்சி சாப்பிடமாட்டார், முட்டையும்… ஒரு பெண்மணி என்றாள், தனக்கு அவர் யார் என்று சொல்லவில்லை, அக்னெஸும் கேட்கவில்லை. ஒரு மாடிதான், பின்பக்கத்து அறை. அகலப் பலகைத் தரை, நடந்தால் கிறீச்சிடுகிறது, மெழுகு வாசம், இரண்டு ஒடுக்கமான கட்டில், நடுவில் ஒரு சின்ன அலுமாரி, அறைக்குள்ளேயே குளியலறை, அறுபத்தைந்து டொலர், தண்ணீர் கொதிக்கவைக்கக் கேத்தல் தருவாள், பால் வைக்கக் கீழே குளிர்ப்பெட்டியில் இடம் தருவாள். நிருஷா நடுவில் நின்று, கிழக்கு எந்தப் பக்கம் என்று அக்னெஸிடம் கேட்டாள். அக்னெஸ் ஒரு பக்கம் கையைக் காட்டினாள். "அது மொன்றியல் கிழக்கு" என்று நிருஷா என்னிடம் தமிழில் சொன்னாள், "இந்த ஊரிலை தெருவுக்கு ஒரு கிழக்கு, சூரியனுக்கு ஒரு கிழக்கு," திரும்பி, காலையில் வெயில் எங்கே விழும் என்று பிரெஞ்சில் கேட்டாள், அக்னெஸ் சிரித்துக்கொண்டு வந்து சன்னல் ஓரக் கட்டிலின் தலையணையைத் தட்டிக் காட்டினாள்.

பிள்ளை அலுமாரியை அளவெடுத்தாள், கையை விரித்துச் சாணால். இதிலை சாமிப் படத்தை வைக்கலாம், இஞ்சை விளக்கு, இல்லை, விளக்குக் கொளுத்த விடமாட்டினம், கற்பூரமும் விடமாட்டினம், அந்தச் சின்ன பற்றரி விளக்கைக் கொண்டுவருவம் என்ன அம்மா… நான் ஓம் ஓம் என்று நின்றேன். பிறகு அவள் தரையில் இருந்தாள், சப்பாத்தோடு, சப்பணமிட்டு, அலுமாரிக்கு முன்னால், சரியாக எங்கே அக்கா இருக்கவேண்டுமோ அங்கே இல்லாமல் ஒரு சாண் தள்ளி இடது பக்கத்தில். தன் இடத்தில். "அவ தேவாரம் பாடேக்கை கண்ணை மூடிக்கொண்டிருப்பா. நான் தட்டிலையிருந்து கற்கண்டை எடுத்துத் தின்பன்." ஐந்து வருடத்தில் அவள் அங்கேயிருந்து கொண்டுவந்து என்னிடம் தந்த முதல் பொருள். மூச்சை மெதுவாக விட்டேன், சத்தம் கேட்டால் பறந்துவிடும் என்பதுபோல. பேந்து? "பேந்தென்ன. அவவுக்குத் தெரியும். பாட்டை இன்னொரு தரம் பாடுவா, நான் தின்னுமட்டும்." சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டாள். எனக்கு வலித்ததா? வலித்தது, ஆனால் நான் எதிர்பார்த்திருந்த இடத்தில் இல்லை. இவள் தம்பி சாரங்கன் இங்கே பிறந்தவன், அவன் தின்ற ஒவ்வொரு கற்கண்டையும் எனக்குத் தெரியும், இவள் தின்றதை இப்போதுதான் கேட்கிறேன், இன்னும் கேட்கவேண்டும்போல இருந்தது, பொறாமையில் இவ்வளவு ஆசையும் கலந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கீழே, வாசல் மேசையில் அக்னெஸ் ஒரு தாளை வைத்தாள். நிருஷா இருந்து எழுதினாள், நான் பின்னால் நின்றேன். அக்காவின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் ஒவ்வொன்றாக, கவனமாக, பள்ளிக்கூடத்துப் பரீட்சைத்தாளில் எழுதுவதுபோல. வருகிற தேதி, போகிற தேதி. பிறகு பேனையை நிறுத்தினாள். "எத்தனை பேர் எண்டு கேக்கினம்." என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்கழுத்துத்தான் எனக்குத் தெரிந்தது, பின்னல் ஒதுங்கிக் கிடந்த இடத்தில் ஒரு சின்ன மச்சம், அது அவளுக்கு ஒன்றே முக்கால் வயதிலேயே இருந்தது. ஒன்று என்று சொல்லலாம். ஒன்று என்பதுதான் சரி, வருகிறது ஒரு ஆள், யாரும் என்னைக் குறைசொல்லமுடியாது. அக்னெஸ் காத்திருந்தாள், பேனை காத்திருந்தது. இந்தப் பிள்ளை காலையிலிருந்து மூன்று வீட்டுப் படி ஏறி இறங்கி ஒவ்வொரு தரையையும் பார்த்தாள், ஒருதரமாவது நானும் நிக்கட்டோ என்று கேட்கவில்லை, கேட்கமாட்டாள், பக்கத்தில் வந்து நிற்பாள், நான் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள். "ரெண்டு எண்டு போடு." சொல்லிவிட்டேன். அவள் எழுதினாள், யாரந்த இரண்டாவது ஆள் என்று கேட்கவில்லை, அது தெரிந்ததுதானே, நான் ஒரு மலையைத் தூக்கி வைத்தவள்போல நின்றேன், அவள் ஒரு இலக்கத்தை எழுதியவள்போலத் தாளை அக்னெஸிடம் தள்ளினாள். மெர்சி மதாம். மெர்சி.

வெளியே இரும்புப் படியில் அவள் எனக்கு இரண்டு படி கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். நன்றி சொல்வாளோ, ஏதாவது சொல்வாளோ என்று பார்த்தேன், பிள்ளைகளிடம் நன்றி எதிர்பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டேனா… அவள் கைபிடியில் விரலால் தட்டித் தட்டி இறங்கி, கடைசிப் படியில் நின்று, "அப்ப மூண்டு நாளும் நானும் சாரங்கனும் அப்பா வைக்கிற பருப்பைத்தான் தின்னவேணும்" என்றாள். நான் விளங்காமல் நின்றேன். ஏன்? "நீங்கள் இஞ்சை அவவோடை நிண்டால் வீட்டிலை ஆர் சமைக்கிறது? அப்பா உப்புப் போட மறந்துபோவார், பேந்து ரெண்டு தரம் போடுவார்." நானா? நானா நிற்கிறது? என் முகத்தை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டிருக்கவேண்டும், சமையலைப் பற்றிய கவலை என்று. "நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் யோசிக்காதேங்கோ. எத்தினை வருசமாச்சு நீங்கள் ரெண்டு பேரும் கண்டு. அவ உங்களைப் பாக்கத்தானே வாறா." சொல்லிவிட்டு மெட்ரோப் பக்கம் நடக்கத் தொடங்கினாள், எப்போதும்போல எனக்கு முன்னால்.

இல்லைப் பிள்ளை, அது உனக்கு, அந்த இரண்டு உனக்கு… கூப்பிட்டுச் சொல்லவேண்டும், இப்போதே சொல்லவேண்டும், ஆனால் கால் அந்தப் படியிலேயே நிற்கிறது. அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாளா, அல்லது அவளை வளர்த்தவளைப்போல அவளும் எனக்கு இடம்விட்டு ஒதுங்குகிறாளா, பதின்மூன்று வயதில் இதெல்லாம் தெரியுமா… உங்களைப் பாக்கத்தானே வாறா. அக்கா வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் பிள்ளையைப் பார்க்க வருகிறாள் என்றுதான் நினைத்திருக்கிறேன், பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் எத்தனை தரிப்பு தூரம் வைக்கலாம் என்றுதான், மெட்ரோப் பாதை, ஹோட்டல், துடக்கு, எல்லாம் அதற்குத்தான், அவள் என்னைப் பார்க்க வருகிறாள் என்று ஒரு தடவை, ஒரேயொரு தடவைகூட… அவளுக்கு என்னைப் பார்க்க விருப்பமிருக்கும் என்று? பதினொரு வருடம். மூன்று இரவு. அக்னெஸ் கதவைச் சாத்திக்கொண்டு கீழே போனபிறகு, அந்த ஒடுக்கமான இரண்டு கட்டிலிலும் அக்காவும் நானும் எதிரெதிரே இருக்கிறபோது, இல்லை, அவள் தரையில் பாயைப் போட்டுக்கொண்டு நான் மேலே இருக்கிறபோது, நான் முதலில் அவளிடம் என்னத்தைச் சொல்வது…